வீண் அசைவும் வேலைத் திறனும்

ஓர் ஊரில் ஒரே தெருவில் இரண்டு வீடுகள் எழும்புகின்றன என்று கொள்வோம். இரண்டுக்கும் ஒரே சூளையின் செங்கல்; கலவையும் ஒன்றே. காலை 8 மணிக்குக் கரண்டியைக் கையில் எடுத்த கொத்தனார் இருவரும் மாலை 5 மணிக்கே வேலையை முடிக்கின்றனர். ஆயினும் ஒருவர் கட்டிய சுவர் மற்றவர் கட்டியதைவிட ஒரு முழம் உயர்ந்து நிற்கிறது. வியப்பு அதோடு முடியவில்லை. மிகுதியாகக் கட்டியவர் சிரித்துப் பேசிக்கொண்டு வீடு திரும்புகிறார். குறைவாகக் கட்டியவரோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்கிறார். இதற்குக் காரணம் யாதென்று கேட்டால் ‘கைராசி’ என்பார் சிலர். ‘அனுபவம்’ என்பார் வேறு சிலர். இவை காரணத்தைக் கூறுவன அல்ல. காரணம் தெரியாத இடத்தை மூடி வைக்கும் சொற்களேயாகும்.

உண்மைக் காரணம் இருவருடைய உடல் அசைவுகளில் இருக்கிறது. எந்தத் தொழிலிலும் கைகால்கள் செய்யும் அசைவுகள் எல்லாம் வேலையை முன்னேற்றுவன அல்ல. செங்கல்லைச் சாந்தின் மேல் அமர்த்துவது வேலை. அதற்காகத் தரை வரை குனிவது, குனிந்த உடலை நிமிர்த்துவது, எடுத்த கல்லின் நல்ல முகம் எதுவென்று புரட்டிப் பார்ப்பது, வலக்கை சாந்தை எடுக்கும்போது இடக்கை சும்மா தொங்குவது, கல் அமராததால் கரண்டிக் காம்பால் நாலு தட்டுத் தட்டுவது ஆகிய இவை யாவும் வேலையோடு ஒட்டிக்கொண்டு வரும் சுமைகள். இச்சுமைகளும் உடலின் வலிமையை உண்ணுகின்றன. ஆனால் சுவரை ஓர் அங்குலமும் உயர்த்துவதில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவரின் எடை 60 கிலோ என்றால், இடுப்புக்கு மேற்பட்ட பாகம் அதில் பாதிக்கு மேல் இருக்கும். குறைத்தே மதிப்பிட்டு 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாட்டுச் செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ. தரையில் கிடக்கும் கல்லைக் குனிந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் 3 கிலோக் கல்லோடு 30 கிலோ உடலையும் அவர் தூக்குகிறார். நாளொன்றுக்கு 500 கல் வைத்தால், தூக்கிய கல்லின் எடை 1,500 கிலோ. தூக்கிய உடலின் எடை 15,000 கிலோ. அதாவது 15 டன். கல்லுக்குக் கூலி உண்டு. இந்த 15 டன்னுக்கு யார் கூலி கொடுப்பார்? இடுப்பு வலிதான் அதன் பயன்.

கொத்துவேலையை ஆராய்ந்தவர்

இந்த எளிய உண்மையை முதன்முதலில் ஒழுங்காக ஆராய்ந்து நூல் எழுதியவர் ஒரு பேராசிரியர் அல்லர். அவரும் ஒரு கொத்தனாரே. பிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கர் 1868 ஆம் ஆண்டில் பிறந்தவர். கல்லூரிக்குச் செல்லும் வாய்ப்பு இருந்தும் அதை விடுத்து, 1885 இல், தம் 17 ஆம் வயதில், பாஸ்டன் நகரில் கொத்துவேலை கற்கச் சேர்ந்தார். அங்கே அவர் கண்ட ஒரு விந்தையே பிற்காலத்து ஆராய்ச்சி அனைத்துக்கும் வித்தாயிற்று. அவருக்குத் தொழில் கற்பித்த கொத்தனார், கற்பிக்கும்போது ஒரு விதமாகக் கையை அசைத்தார். நிதானமாக வேலை செய்கையில் வேறொரு விதமாக அசைத்தார். அவசரமாகக் கட்ட நேர்ந்தபோது மூன்றாவது விதமாக அசைத்தார். வேறு கொத்தனார்களைப் பார்த்தால் ஒவ்வொருவரிடமும் இன்னொரு விதம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் செய்துவரும் தொழிலில், ‘இதுவே சிறந்த முறை’ என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை.

கில்பிரெத் ஒவ்வோர் அசைவாக எடுத்து, ‘இது எதற்கு?’ என்று கேட்கலானார். ஒரு செங்கல்லை வைக்க வழக்கமாக 18 அசைவுகள் ஆவதைக் கணக்கிட்டார். அவற்றைப் பெரும்பாலும் 5 ஆகக் குறைத்தார். இதனால் ஒருவர் மணிக்கு 120 கல் வைத்த இடத்தில் 350 கல் வைக்க முடிந்தது என்பது அக்காலத்து நிர்வாக ஆராய்ச்சியாளர் பிரடெரிக் டெய்லர் 1911 இல் வெளியிட்ட நூலில் பதிவாகியுள்ளது. எந்தப் புதிய யந்திரமும் இதற்குத் தேவைப்படவில்லை. அதே கரண்டி, அதே கல், அதே கைகள்.

அவர் செய்த மாறுதல்கள் யாவை என்பதைச் சற்று விரிவாகவே காண்போம். ஏனெனில் நம் ஊர்க் கொத்தனார் ஒவ்வொருவரும் நாளையே செய்து பார்க்கக்கூடியவை அவை.

முதலாவது, குனிவதை ஒழித்தார். அவர் அமைத்த சாரத்தில் கொத்தனார் நிற்கும் பலகை வேறு, கல்லும் சாந்தும் இருக்கும் பலகை வேறு. பொருள் இருக்கும் பலகை நிற்கும் பலகைக்கு ஏறத்தாழ 2 அடி மேலே இருந்தது. சுவர் உயர உயரச் சாரத்தையும் சிறுகச் சிறுக உயர்த்தினார். இதற்கென அவர் செய்த சாரம் நமக்குக் கிட்டாமற் போகலாம்; அதன் பயன் கிட்டாமற் போகாது. இரண்டு பக்கமும் செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் கல்லையும் சாந்துச் சட்டியையும் வைத்தால் போதும். தொடைக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரமே கைக்கு இசைந்தது. சித்தாள் எப்படியும் கல்லைக் கொண்டுவந்து இறக்கத்தான் போகிறார். தலைச்சுமையைத் தரை வரை இறக்குவதைவிட இடுப்பளவு உயரத்தில் இறக்குவது அவருக்கும் எளிது. இதை நாம் ஏன் எங்கும் செய்வதில்லை என்பதற்கு, ‘செய்து பழக்கமில்லை’ என்பதைத் தவிர வேறு விடை காண்பது அரிது.

இரண்டாவது, கல்லைப் பொறுக்கும் வேலையைக் கொத்தனாரிடமிருந்து எடுத்துவிட்டார். கல்லை இறக்கும்போதே உதவியாளர் உடைந்ததை ஒதுக்கி, நல்ல முகம் ஒரே பக்கமாக இருக்கும்படி அடுக்கி வைத்தார். கொத்தனார் கையை நீட்டினால் அகப்படும் கல், வைக்க வேண்டிய நிலையிலேயே அகப்பட்டது. கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பது நின்றது.

மூன்றாவது, இரு கைகளையும் ஒரே நேரத்தில் இயக்கினார். இடக்கை கல்லை எடுக்கும்போதே வலக்கை கரண்டியால் சாந்தை அள்ளுகிறது. இதற்குக் கல்லும் சாந்தும் அருகருகே இருத்தல் வேண்டும். சாந்துச் சட்டி ஒருபுறமும் கல் மறுபுறமும் இருந்தால் உடல் திரும்பித் திரும்பிச் சுழலும். கைகள் சேர்ந்து இயங்கமாட்டா.

நான்காவது, சாந்தின் பதம். பதம் சரியாக இருந்தால் கல்லைக் கையால் அழுத்திய அளவிலேயே அது வரிமட்டத்துக்கு அமர்ந்துவிடும். கரண்டியால் தட்ட வேண்டியதில்லை. நம் நாட்டு வெயிலில் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. காய்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தை நொடியில் உறிஞ்சிவிடும். பிறகு எத்தனை தட்டினாலும் கல் அமராது, ஒட்டவும் ஒட்டாது. ஆகவே கல்லை முன்கூட்டியே தொட்டியில் நன்றாக ஊற வைத்தல் அவசியம். சிமெண்டுக் கலவையைத் தண்ணீர் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் தீர்க்கும் அளவுக்கே குழைக்க வேண்டும். இறுகிய கலவையில் மீண்டும் தண்ணீர் விட்டுப் பதப்படுத்துவது கைக்கு எளிதாகத் தோன்றும். சுவருக்கோ அது நோய்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறாமல் மேலே செல்வது தவறாகும். அசைவைக் குறைப்பது என்பதை வேலையைக் குறைப்பது என்று எடுத்துக்கொள்பவர் உண்டு. வரிதோறும் நூல் பிடிப்பது, தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பது, இடுக்குகளில் சாந்தை நிறைப்பது, கட்டிய சுவருக்கு நாள் தவறாமல் தண்ணீர் காட்டுவது ஆகியவை வீண் அசைவுகள் அல்ல. ரசமட்டத்தை எடுக்க ஆகும் நொடியை மிச்சம் பிடித்தவர், சுவரை இடித்துக் கட்ட ஒரு நாளைச் செலவிடுவார். வீண் அசைவு எது, வேண்டிய அசைவு எது என்று பிரித்தறிவதுதான் இக்கலையின் உயிர்நிலை. அந்த அறிவு தொழிலாளியிடமே உள்ளது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பாதிதான் தெரியும்.

கில்பிரெத் 1911 இல் ‘அசைவு ஆராய்ச்சி’ என்னும் பொருள்பட ஒரு நூலை வெளியிட்டார். பின்னர் அவரும் அவர் மனைவியார் லில்லியனும் சேர்ந்து பல தொழில்களை ஆராய்ந்தனர். தொழிலாளியின் விரலில் ஒரு சிறு மின்விளக்கைக் கட்டி, இருட்டறையில் வேலை செய்யச் சொல்லி, நிழற்படக் கருவியின் கண்ணைத் திறந்தே வைத்தனர். விரல் சென்ற வழியெல்லாம் படத்தில் ஒளிக்கோடாக விழுந்தது. தேர்ந்த தொழிலாளியின் கோடு சில வளைவுகளோடு தெளிவாக இருக்கும். தேராதவரின் கோடோ சிக்குண்ட நூல்போலத் தோன்றும். கையசைவுகளை எல்லாம் தேடுதல், பற்றுதல், கொண்டு செல்லுதல், பொருத்துதல், விடுதல், காத்திருத்தல் என்று பதினேழு பதினெட்டு வகையாகப் பிரித்து, அவ்வகைகளுக்குத் ‘தெர்ப்ளிக்’ என்று பெயரிட்டனர். அது வேறொன்றுமில்லை, தம் குடும்பப் பெயரையே ஆங்கில எழுத்தில் பின்னிருந்து முன்னாக, சிறிதே மாற்றி எழுதிக்கொண்டதுதான்! இப்பகுப்பில் ‘தேடுதல்’ தனி இடம் பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. நம் வீடுகளிலும் பட்டறைகளிலும் ஒரு நாளில் தேடுவதற்கே எவ்வளவு நேரம் செலவாகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் பொருத்தம் விளங்கும்.

நம்மவர் அறிந்ததே

இவையெல்லாம் அயல்நாட்டாரின் கண்டுபிடிப்பு என்றும், நமக்குப் புதியவை என்றும் கருத வேண்டியதில்லை. நடவு வயலைப் பாருங்கள். நாற்றுப் பறித்து முடிச்சுக் கட்டியபின், அம்முடிகளை வரப்பில் குவித்து வைப்பதில்லை. வயல் முழுவதும் இடைவெளி விட்டு முன்னதாகவே வீசி வைக்கிறார்கள். நடும் பெண்களின் கையிலுள்ள முடி தீரும் இடத்தில் அடுத்த முடி காத்திருக்கிறது. நாற்றுக்காக வரப்புக்கு நடப்பதென்பதே இல்லை. கில்பிரெத் செங்கல்லுக்குச் செய்தது இதுவேயன்றோ?

பூத்தொடுக்கும் பெண்ணின் விரல்களையும் பாருங்கள். ஈரத்துணியில் பூக்கள் அவர் மடியருகே பரந்திருக்கின்றன. இடக்கை நாரைப் பிடித்து நிற்க, வலக்கை பூவை எடுத்து வைத்துச் சுருக்கிட்டு இழுக்கிறது. கண் வேறெங்கோ இருக்கும், வாயில் ஊர்க்கதை நடக்கும், விரல்கள் தவறுவதில்லை. இதைப் படம் பிடித்தால் தெளிந்த ஒளிக்கோட்டுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது.

நெசவிலும் இது உண்டு. முற்காலத்தில் நெசவாளர் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடித்தார். ஆகவே கை எட்டும் அகலத்துக்கு மேல் ஒருவரால் துணி நெய்ய இயலவில்லை. 1733 இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர், கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் அமைப்பைக் கண்டார். ஒரு கை கயிற்றை இழுக்க, மறு கை பலகையை அடிக்கிறது; உடல் இருபுறமும் சாய்வது நின்றுவிட்டது. நம் குழித்தறிகளிலும் இவ்வமைப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாயிற்று. இன்றும் கைத்தறியாகவே அது வழங்குகிறது. கைத்தறியின் சிறப்பு எதுவும் அதனால் குன்றவில்லை.

ஆனால் மரபில் வந்தவை அனைத்தும் சிக்கனமானவை என்றும் கூறுவதற்கில்லை. களையெடுப்பை எடுத்துக்கொள்வோம். சேற்றில் இடுப்பை மடித்து நாள் முழுவதும் குனிந்தே நகர்வது பெண்களின் உடலை வாட்டும் வேலைகளில் ஒன்று. வரிசையில்லாமல் நட்ட வயலில் வேறு வழியும் இல்லை. வரிசை நடவு செய்தால் நின்றபடியே தள்ளிச் செல்லும் களைக்கருவியைப் பயன்படுத்தலாம். இவ்வகையில் திருந்திய நெல் சாகுபடி ஒரு நல்ல எடுத்துக்காட்டு. மடகாஸ்கர் தீவில் 1980களில் லொலானியே என்ற பாதிரியார் உருவாக்கிய முறையைத் தழுவியது அது. 14 நாள் வயதுடைய நாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடுகிறார்கள். சதுரமாக நட்டால் நெடுக்கிலும் குறுக்கிலும் கருவியை ஓட்ட முடியும். கருவி களையைப் பிடுங்குவதோடு நில்லாமல் அதை மண்ணிலேயே அமுக்கி, மண்ணையும் கிளறிவிடுகிறது. ஒரே அசைவில் மூன்று காரியம்.

எனினும் இதிலும் ஒரு சிக்கல் இருப்பதை மறைக்கலாகாது. கருவி கனமாக இருந்தால் சேற்றில் தள்ளுவது பெண்களுக்குக் கடினமாகிறது. அப்போது கருவி ஆண்கள் கைக்குச் செல்கிறது. அதனோடு களையெடுப்புக் கூலியும் சென்றுவிடுகிறது. குனியும் துன்பம் நீங்கியது. பிழைப்பும் நீங்கியது என்றால் அதை முன்னேற்றம் என்று அப்பெண்கள் எப்படிக் கொள்வார்கள்? ஆகவே எடை குறைந்த கருவிகளைத் தேர்ந்தெடுப்பதும், அவற்றை ஓட்டப் பெண்களுக்கே பயிற்சி அளிப்பதும் இதன் பிரிக்க முடியாத பகுதிகளாகும்.

அடுப்பங்கரை

வீண் அசைவு மிக மிகுதியாக உள்ள தொழிற்சாலை எதுவென்றால் வீட்டுச் சமையலறையே என்பதில் ஐயமில்லை. அங்கே கூலிக்கணக்கு இல்லாததால் அசைவுக்கணக்கும் இல்லை. பிராங்க் கில்பிரெத் 1924 இல் திடீரென மறைந்தார். பன்னிரு மக்களைப் பெற்ற தாயான லில்லியன், தொழிற்சாலைகளில் பெண் பொறியியலாளரை ஏற்கத் தயங்கிய அக்காலத்தில், தம் அறிவைச் சமையலறையின் பக்கம் திருப்பினார். 1929 இல் அவர் அமைத்துக் காட்டிய மாதிரிச் சமையலறை புகழ் பெற்றது. பாத்திரம், பொருள், அடுப்பு ஆகியவற்றை இடம் மாற்றி அமைத்ததனால், ஒரு பழப் பணியாரம் செய்ய ஆன 281 நடைகள் 45 ஆகக் குறைந்தன. வேலை மேடை அதில் நின்று வேலை செய்யும் பெண்ணின் உயரத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1935 இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாகி, 1972 வரை வாழ்ந்தார்.

நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் இடையே 3 மீட்டர் தொலைவு என்க. இது பெரிய தொலைவு அன்று. நாளொன்றுக்கு 40 முறை போய்வந்தால் 240 மீட்டர் ஆகிறது. ஆண்டுக்கு 87 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு நடப்பதைவிட இது மிகுதி. குடத்தை அடுப்புக்கு 1 மீட்டர் தொலைவுக்கு நகர்த்தி வைத்தால் ஆண்டில் 58 கிலோமீட்டர் நடை மிச்சம். குடத்தை நகர்த்த ஐந்து நிமிடம் போதும். குடம் இருக்கும் இடம் மாமியார் காலத்திலிருந்து வருவது என்பதுதான் பெரும்பாலும் தடையாக நிற்கிறது.

குடம் ஒன்று மட்டுமன்று. அன்றாடம் எடுக்கும் உப்பும் புளியும் மேல்தட்டில் இருக்க, ஆண்டுக்கு இருமுறை எடுக்கும் பெரிய அண்டா கையெட்டும் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அரிவாள்மணை ஒரு மூலை, காய்கறிக் கூடை எதிர்மூலை. கரண்டியைத் தேடி, தேடிய கரண்டியைக் கழுவி, அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். அடிக்கடி எடுப்பது அருகில், அரிதாக எடுப்பது தொலைவில் என்னும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றினாலே பாதித் துன்பம் தீரும். தரையில் அமர்ந்து சமைப்போர் எழுந்து உட்காரும் முறைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை எழுவதும் முன்னே சொன்ன கொத்தனாரின் குனிவைவிடப் பெரிய சுமை. அங்கே தூக்குவது பாதி உடல், இங்கே ஏறத்தாழ முழு உடல்.

இதைக் கண்ணால் காண ஓர் எளிய வழி உண்டு. ஒரு பலகையில் சமையலறையின் படத்தை வரைந்துகொள்க. அடுப்பு, குடம், அம்மி, பரண், கதவு ஆகிய இடங்களில் ஒவ்வோர் ஆணி அடிக்க. ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் பலகையோடு அமர்ந்து, சமைப்பவர் எங்கெங்கு செல்கிறாரோ அந்த வரிசையில் ஆணிக்கு ஆணி நூலைச் சுற்றி வருக. ஒரு வேளைச் சமையல் முடிந்ததும் நூலை அவிழ்த்து அளந்தால், நடந்த தொலைவு படத்தின் அளவில் கிடைக்கும். அளப்பதற்கு முன்பே எந்த இரண்டு ஆணிகளுக்கிடையே நூல் கயிறாகத் திரண்டிருக்கிறதோ, அவை இரண்டும் நெருங்கி இருக்க வேண்டியவை என்பது விளங்கிவிடும். தொழிற்சாலைகளில் இன்றும் கையாளும் முறை இது. மகளிர் குழுக் கூட்டங்களில் ஒரு பிற்பகலில் இதைச் செய்து காட்டலாம். சமையலில் உதவாத ஆடவர்களை நூல் சுற்ற அமர்த்துவது கூடுதல் பயன் தரும் என்பது எம் எண்ணம்.

மிச்சம் யாருக்கு?

இனி, இப்பொருளில் யாவரும் கேட்க வேண்டியதும், பலர் கேட்கத் தயங்குவதுமான ஒரு கேள்வி உண்டு. அசைவைக் குறைத்ததால் கிடைத்த மிச்சம் யாருக்குச் சேர்வது?

500 கல் வைத்தவர் அதே உழைப்பில் 800 கல் வைக்கிறார். கூலி பழைய கூலியே என்றால், அவர் பெற்றது என்ன? மூன்று நாள் வேலை இரண்டு நாளில் முடிந்து, ஒரு நாள் வேலையின்றி நிற்பதே அவர் பெற்ற பரிசாகும். தொழிலாளர் இதை அறியாதவர் அல்லர். டெய்லரின் அந்நூலிலேயே, ஓர் அமெரிக்க நகரில் கொத்தனார் சங்கத்தார் நகராட்சி வேலையில் நாளொன்றுக்கு 275 கல்லுக்கு மேல் வைக்கலாகாதென்று தமக்குள் வரையறுத்திருந்த செய்தி காணப்படுகிறது. டெய்லர் அதைக் குறையாகவே கூறுகிறார். அவர் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கலாம்; எனினும் வேலை தீர்ந்துவிடுமோ என்று அஞ்சும் மனிதனின் அச்சத்தைச் சோம்பல் என்று பெயரிட்டு ஒதுக்குவது நேர்மையாகாது.

1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் என்னும் ஊரில் இருந்த அரசாங்க ஆயுதச் சாலையில் இதுவே வெடித்தது. வார்ப்பு வேலை செய்பவரின் பின்னால் கடிகாரத்தோடு ஒருவர் நின்று நொடிகளை அளக்கத் தொடங்கியதும், வார்ப்புத் தொழிலாளர் வேலையை நிறுத்தி வெளியேறினர். நாட்டின் பாராளுமன்றம் விசாரித்தது. முடிவில், 1915 முதல், அரசாங்கப் பணத்தில் நடக்கும் அத்தகைய சாலைகளில் கடிகாரம் வைத்துத் தொழிலாளியை அளக்கத் தடை விதிக்கப்பட்டது. அத்தடை 1949 வரை நீடித்தது. தொழிலாளியைக் கேளாமல் அவனை அளப்பது எத்துணைப் பகையை வளர்க்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

டெய்லரின் முறைக்கும் கில்பிரெத் தம்பதியர் முறைக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விடத்தில் உணரலாம். முன்னவரின் நாட்டம் நேரத்தின் மேல். பின்னவர்களின் நாட்டம் களைப்பின் மேல். 1916 இல் அவ்விருவரும் வெளியிட்ட நூலின் பொருளே களைப்பு. தேவையற்ற களைப்பை நீக்குதல், தேவையான களைப்புக்கு உரிய ஓய்வை அளித்தல், அமர்ந்து செய்யக்கூடிய வேலைக்குத் தக்க இருக்கை தருதல் என்பவை அதில் பேசப்படுகின்றன. ‘இன்னும் வேகமாகச் செய்’ என்பது ஒரு கட்டளை. ‘இதைச் செய்யாமலே விடலாம்’ என்பது ஓர் உதவி. ஊரில் இதைப் பரப்ப முற்படுவோர் இரண்டாவதைக் கைக்கொள்ளல் வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று நம்மவர் சொல்வதும் இதையே.

கூலியைப் பொறுத்தவரை, வேலை தொடங்குவதற்கு முன்பே பேசி முடிப்பதுதான் முறை. சதுர அளவுக்கு இவ்வளவு என்று பேசிய ஒப்பந்த வேலையில் மிச்சம் தானாகவே கொத்தனாருக்குச் சேரும்; ஆனால் சித்தாளுக்குச் சேராது. கல்லை முகம் பார்த்து அடுக்கியதும் சாந்தைப் பதமாகக் குழைத்ததும் அவரே. எனவே பங்கு அவருக்கும் உண்டு. நாட்கூலி வேலையிலோ, வீட்டுக்காரர் தாமே முன்வந்து கூட்டித் தந்தாலன்றி மறுநாள் அப்பலகை மீண்டும் தரைக்கு இறங்கிவிடும். அதற்காக எவரையும் குறை கூற முடியாது. தன் வீட்டில், தன் வயலில், தன் தறியில் உழைப்பவருக்கு இச்சிக்கல் எதுவுமில்லை. மிச்சம் முழுவதும் அவருடையது. ஆகையால் அங்கிருந்தே தொடங்குவது எளிது.

தொடங்கும் வகை

எல்லா வேலைகளையும் ஒரே நாளில் திருத்த முற்படுவது எதையும் திருத்தாமல் விடுவதற்கு ஒப்பாகும். நாள்தோறும் பலமுறை செய்யும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை செய்வதில் பத்து அசைவு குறைந்தாலும் பயன் சிறிதே. மாட்டுக்குத் தீனி வைப்பது, காய்கறிப் பாத்திக்குத் தண்ணீர் விடுவது, கடலைக்காய் ஆய்வது, இட்டிலி மாவு அரைப்பது என எதுவாயினும் ஆகட்டும். வேலை செய்பவரின் சம்மதத்தோடு, இன்னொருவர் அருகிலிருந்து ஒவ்வோர் அசைவையும் அப்படியே எழுத வேண்டும். ‘தண்ணீர் விட்டார்’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘குடத்தைத் தொட்டியில் சாய்த்தார், நிறையும் வரை காத்திருந்தார், இடுப்பில் வைத்தார், 22 அடி நடந்தார், குனிந்து ஊற்றினார், வெறுங்குடத்தோடு 22 அடி திரும்பினார்’ என்று எழுத வேண்டும். இப்படி எழுதியவுடனே பாதி விடை எழுந்து வந்துவிடும். ஒரு குடத்துக்குப் பதிலாகக் காவடித் தடியில் இரண்டு தகரங்களைத் தொங்கவிட்டால் நடை பாதியாகும். சுமையும் இருபுறமும் சமமாகி முதுகு கோணாது. தொட்டியை மேட்டில் வைத்துக் குழாயோ வாய்க்காலோ அமைக்க இயன்றால் சுமப்பதே வேண்டியதில்லை.

ஒவ்வோர் அசைவுக்கும் எதிரே, இதை விட்டுவிடலாமா, வேறொன்றோடு சேர்க்கலாமா, இடத்தை மாற்றலாமா, எளிதாக்கலாமா என்று கேட்க. இந்த வரிசை முக்கியமானது. விட்டுவிடக்கூடிய ஓர் அசைவை எளிதாக்குவதற்குப் பாடுபடுவது வீண். வயதானவரையும் கேட்க வேண்டும். புதிதாகக் கற்பவரையும் கேட்க வேண்டும். வயதானவருக்குக் காரணம் தெரியும். புதியவருக்குப் பழக்கம் கண்ணை மறைப்பதில்லை.

கற்பவர் திறத்தில் கில்பிரெத் கொண்டிருந்த ஒரு கருத்து இன்றும் வாதத்துக்கு உரியது. தொழில் பழகுபவன் முதல் நாளிலிருந்தே சரியான அசைவுகளை உரிய வேகத்தோடு பழக வேண்டும். நேர்த்தி பின்னால் வரட்டும் என்றார் அவர். மெதுவாகச் செய்யும்போது பழகும் அசைவு வேறு, வேகமாகச் செய்யும்போது வேண்டிய அசைவு வேறு என்பது அவர் இளமையில் கண்டதன் தொடர்ச்சி. பயிற்சிக் கூடத்தில், களிமண் சாந்தால் கட்டி இடித்துவிடும் சுவருக்கு இது பொருந்தும். குடியிருக்கப் போகும் வீட்டுச் சுவரில் பழகுபவனிடம் இம்முறையைக் கையாள்வது தகாது என்பதே நம் கருத்து. பயிற்சிக்கென்று ஒரு மூலையில் நூறு கல்லும் கொஞ்சம் களிமண்ணும் ஒதுக்கினால் இருவகைப் பயனும் கிடைக்கும்.

புதுமுறையை மேற்கொண்ட முதல் சில நாட்களில் வேலை முன்னிலும் தாமதமாகும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். பழகிய கை பழைய இடத்தையே தேடும். குடம் இருந்த மூலைக்குக் கால் தானாகவே செல்லும். அந்நாட்களில் அளந்து பார்த்து, ‘இது உதவாது’ என்று கைவிடுவோரே பெரும்பாலோர். இரண்டு வாரம் கழித்து, அதே பலகையில், அதே ஆணிகளை அவற்றின் புது இடங்களில் அடித்து, மீண்டும் நூலைச் சுற்றி அளக்க. பழைய நூலை எறிந்துவிடாமல் அதன் பக்கத்திலேயே தொங்கவிட்டிருந்தால், அண்டை வீட்டார்க்கு இதை விளக்கும் வேலையும் மிச்சமாகும்.